ஆறிய காலுக்குள் நீந்தியவை

சித்தப்பா ஃபோனில் கேட்டது இதுதான். "கொரோனாவுக்குப் பதினோரு மாசத்துல ஊசி வந்துடுச்சு. நீ அஞ்சு வருஷம் ராத்திரி பகலா உட்கார்ந்து படிச்சியே, அந்தக் காய்ச்சலுக்கு ஏன் இன்னும் வரலை?" குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நானும் யோசிக்காமல், "அது ஏழைங்களுக்கு வர்ற நோய் சித்தப்பா, கம்பெனிக்காரங்களுக்கு லாபம் கிடையாது" என்றேன். "அதானே பார்த்தேன்" என்றார். பேச்சு அவருடைய முழங்கால் வலிக்குப் போய்விட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் உறுத்தியது. பத்து வருடமாக யார் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். கேட்டவர் உடனே தலையாட்டுகிறார், எனக்கும் நியாயம் பேசியவர் என்ற பேர் கிடைக்கிறது, அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நான் பார்த்த எதையும் அந்தப் பதிலில் சேர்த்ததே இல்லை.

பொய் சொல்லவில்லை. லெய்ஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி ஆண்டுக்கு 7 லட்சம் முதல் 10 லட்சம் பேரைப் புதிதாகப் பிடிக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தோலில் புண்ணாக வந்து, மாதக்கணக்கில் இருந்து, தழும்பை விட்டுவிட்டுப் போவது ஒரு வகை. மண்ணீரலையும் கல்லீரலையும் வீங்கவைத்து, மருந்தில்லாமல் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைக் கொன்றுவிடுவது இன்னொரு வகை. அதுதான் சித்தப்பா கேட்ட காய்ச்சல், காலா அசார், தமிழில் கருங்காய்ச்சல். பிகார், சூடான், எத்தியோப்பியா, பிரேசிலின் வடகிழக்கு என்று அது இருக்கும் இடங்களைப் பார்த்தாலே யாருக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். விரிசல் விட்ட மண்சுவர், ஈரத்தரை, பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகை. கடித்து இந்த ஒட்டுண்ணியைப் பரப்பும் மணல் ஈக்கு அது போதும். இந்த நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் எப்போதும் சொட்டுச்சொட்டாகத்தான் வந்திருக்கிறது. அதை நேரில் பார்த்தவர் பட்டியலில் நானும் உண்டு.

பணம்தான் காரணம் என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் சாட்சி நாய். மத்திய தரைக்கடல் நாடுகளில் இதே ஒட்டுண்ணியின் ஒரு இனம் வளர்ப்பு நாய்களுக்கு வருகிறது. ஐரோப்பாவில் நாய்க்கான தடுப்பூசி 2011-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பிரேசிலில் அதற்கும் முன்னால். "பாருங்க, நாய்க்கு இருக்கு, மனுஷனுக்கு இல்லை" என்று முடித்தால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப்போவார். இதில் நான் சொல்லாமல் விழுங்கும் பாதி ஒன்று உண்டு. அந்த ஊசி போட்ட நாய்க்கும் தொற்று வரலாம். நோயாக முற்றும் வாய்ப்புதான் குறையும். பிரேசிலின் இரண்டு தடுப்பூசிகளில் ஒன்று 2014-இல் சந்தையை விட்டுப் போனது, இன்னொன்றின் விற்பனை 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது, காசு கொடுக்க ஆள் இருந்த இடத்திலும் அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. அப்படியானால் பணத்தைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததுதான் மூன்று வாரமாக உறுத்தல்.

குடுவைக்குள் பூ

முதல் நாள் சீனியர் அக்கா ஒரு சின்ன பிளாஸ்டிக் குடுவையை 26 டிகிரி இன்குபேட்டரிலிருந்து எடுத்து, நுண்ணோக்கியின் மேல் படுக்கவைத்து, "பாரு" என்றார். இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒல்லியாக, கண்ணாடித் துண்டு மாதிரி நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுக்கு. அதை வால் என்று சொன்னதற்கு அன்றே திட்டு வாங்கினேன். அது முன்னால் இருக்கிறது, உடலை இழுத்துக்கொண்டு போகிறது. சில இடங்களில் பத்துப் பதினைந்து சேர்ந்து, சவுக்குகள் நடுவில் பின்னிக்கொள்ள, உடல்கள் இதழ்கள் மாதிரி சுற்றி நின்றன. அழகாகத்தான் இருந்தது. கொலைகாரன் அழகாக இருப்பான் என்று யாரும் முன்கூட்டியே சொல்லித்தரவில்லை.

எங்கள் குடுவையில் இருந்தது லெய்ஷ்மேனியா மேஜர், தோல் புண் வகை. கருங்காய்ச்சலைக் கொண்டுவருவது லெய்ஷ்மேனியா டோனவானி. அந்தப் பெயரில் சென்னை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அக்காதான் சொன்னார். கல்கத்தா பக்கம் டம்டம் முகாமிலிருந்து நோயோடு திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லெய்ஷ்மன் இதை 1900-இல் பார்த்துவிட்டு, 1903-இல்தான் எழுதினார். அதே 1903-இல் மதராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் தன் நோயாளிகளிடம் அதையே கண்டுபிடித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சாயத்து செய்வதுபோல மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார். இந்த உயிரியை மனிதன் அடையாளம் கண்டு 120 ஆண்டு தாண்டிவிட்டது. தடுப்பூசி இல்லை. இதை நினைத்தாலே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

அது உடம்புக்குள் போனதும் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் கிருமியை விழுங்கிச் செரிப்பதற்கென்றே நம்மிடம் மேக்ரோபேஜ் என்ற அணுக்கள் இருக்கின்றன. லெய்ஷ்மேனியா அவற்றிடமிருந்து ஓடுவதில்லை, விழுங்கட்டும் என்று காத்திருக்கிறது. உள்ளே போனதும் சவுக்கைச் சுருக்கிக்கொண்டு, உருண்டையாகி, செரிப்பதற்கென்று அமிலம் நிறைந்த அந்தப் பையிலேயே குடும்பம் நடத்துகிறது. ஆன்டிபாடிகள் ரத்தத்தில் எவ்வளவு மிதந்தாலும் அணுவுக்குள் உட்கார்ந்திருப்பதை அவற்றால் தொட முடியாது. கருங்காய்ச்சல் முற்றியவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி கொட்டிக்கிடக்கும். அதை வைத்துத்தான் நோயையே கண்டுபிடிக்கிறோம். ஆனாலும் அவர்கள் செத்துப்போகிறார்கள். இங்கே வேலைக்கு ஆவது டி செல்கள் என்ற வெள்ளணுக்கள்தான். அவை வந்து மேக்ரோபேஜை உசுப்பிவிட வேண்டும், அது தன் வயிற்றில் இருப்பதைத் தானே கொல்ல வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகள் ஆன்டிபாடியை வைத்து ஜெயித்தவை. டி செல்லை நம்பி ஒரு தடுப்பூசி செய், அதுவும் வருடக்கணக்கில் நிற்கும்படி செய் என்றால் கையில் இருக்கும் பழைய வித்தைகள் ரொம்பத் தூரம் வராது.

அப்புறம் அளவு. கொரோனா வைரஸின் மரபுச் செய்தி சுமார் 30 ஆயிரம் எழுத்து. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள் புரதம் போதும், எதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பமில்லை. லெய்ஷ்மேனியா மேஜரின் மரபணுத் தொகுதியை 2005-இல் படித்து முடித்தபோது சுமார் 3.3 கோடி எழுத்தும் 8,300 மரபணுக்களும் இருந்தன. அதில் எந்தப் புரதத்தை எடுத்து ஊசியில் போடுவது? நாங்கள் ஆறு தேர்ந்தெடுத்தோம். ஏன் அந்த ஆறு என்று கேட்டால் என் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் காரணம் இருக்கிறது. உண்மைக் காரணம், அவை பாக்டீரியாவில் வைத்து வளர்த்தால் சுலபமாகக் கிடைத்தன.

பழைய ஊசி

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்குத் தடுப்பு சாத்தியம் என்பது ஆராய்ச்சிக்கூடங்கள் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். தோல் புண் வந்து ஆறியவருக்கு அது மறுபடி வருவதில்லை. மேற்கு ஆசியாவில் இதை வெகுகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். பெண் குழந்தையின் முகத்தில் தழும்பு விழுந்துவிடக் கூடாதே என்று, புண் வந்தவரிடமிருந்து சீழை எடுத்து, துணி மறைக்கும் இடத்தில் கீறி வைத்துவிடுவார்கள். ஒரு புண் வரும், ஆறும், ஆயுளுக்கும் கவலையில்லை. அம்மைக்கு நம் ஊர்களில் அம்மைப்பால் குத்தியது மாதிரிதான். 20-ஆம் நூற்றாண்டில் சீழுக்குப் பதில் குடுவையில் வளர்த்த உயிருள்ள ஒட்டுண்ணியையே குத்தினார்கள். இஸ்ரேல், சோவியத் உஸ்பெகிஸ்தான், எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஈரான். 1980-களின் போர்க்காலத்தில் சிப்பாய்களும் அகதிகளுமாகச் சுமார் 20 லட்சம் பேருக்குப் போட்டார்கள். வேலை செய்தது. சிலருக்குக் குத்திய இடத்துப் புண்ணே மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. ஆரோக்கியமான ஆளுக்கு நாமே நோயைக் கொடுப்பதா என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. கைவிட்டார்கள்.

அடுத்து யாருக்கும் தோன்றும் யோசனைதான்: கொன்றுவிட்டுக் குத்துவோம். ஒட்டுண்ணியைக் கொதிகலனில் வைத்துக் கொன்று, காசநோய்க்கான பிசிஜி ஊசியோடு கலந்து ஈரானிலும் சூடானிலும் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். வெறும் பிசிஜி மட்டும் போட்டவர்களைவிடப் பெரிதாக எந்த நன்மையும் தெரியவில்லை. உயிரோடு போட்டால் ஆயுளுக்கும் காக்கும் அதே ஒட்டுண்ணி, செத்துப்போனால் உதவவில்லை. நான் ஆய்வுக்குச் சேர்ந்தபோது இந்த வரலாறெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். கொன்றபோது முக்கியமான புரதங்கள் சிதைந்திருக்கும், சரியான புரதத்தைச் சுத்தமாக எடுத்து, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் சரியான துணைமருந்தோடு கொடுத்தால் வந்துவிடும் என்று நம்பினேன். நான் மட்டும் என்று இல்லை, அந்தக் காலத்தில் பாதி உலகம் அப்படித்தான் நம்பியது.

தொண்ணூற்றாறு குழிகள்

எங்கள் சோதனையில் மூன்று கூட்டம் எலிகள். ஒரு கூட்டத்துக்கு எங்கள் தடுப்பூசி. இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர். மூன்றாவது, ஏற்கெனவே பின்னங்காலில் தொற்று வாங்கி, புண் வந்து, தானாக ஆறிய எலிகள். லெய்ஷ்மேனியாவில் எலியின் ஜாதகமே அதன் இனத்தில் இருக்கிறது. வெள்ளை நிற பால்ப்-சி எலிக்கு வந்தால் செத்துப்போகும். கறுப்பு நிற சி57 எலி பத்து வாரத்தில் ஆற்றிக்கொள்ளும். நாங்கள் வைத்திருந்தது கறுப்பு. ஆறிய எலிகள்தான் எங்கள் அளவுகோல். மறுகாலில் எத்தனை லட்சம் ஒட்டுண்ணியைக் குத்தினாலும் லேசாக வீங்கி இறங்கிவிடும். வாராவாரம் வெர்னியர் வைத்து ஒவ்வொரு காலின் தடிமனையும் அளந்து நோட்டில் எழுதுவேன். எங்கள் ஊசி போட்டவற்றின் கால்களும் நன்றாகவே இருந்தன. ஆறிய எலிகள் அளவுக்கு இல்லை, உப்புநீர் எலிகளைவிடப் பாதிக்கும் குறைவான வீக்கம். நான் அப்போதே கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஆறிய எலிகளில் இரண்டைக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. மண்ணீரலை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பையில் போடப் போனேன். அக்கா தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர், "அந்தக் காலோட நெறிக்கட்டையும் எடுத்து அரைச்சு கல்ச்சர் போட்டு வை" என்றார். எதற்கு என்று கேட்டேன். "போட்டு வை" என்றார். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சு, எலியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைச் சல்லடையில் தேய்த்து, திரவத்தில் கலந்து, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் பாதிபாதியாக நீர்த்துக்கொண்டே போய் நிரப்பி, ஓரத்தைச் சுற்றி ஒட்டி, 26 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

பத்தாவது நாள் இன்குபேட்டரைத் துடைக்கும்போது தட்டு கண்ணில் பட்டது. குப்பையில் போடுவதற்கு முன் சும்மா ஒரு பார்வை. முதல் குழியைக் குவித்தபோது கண்ணாடித் துண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சவுக்கு முன்னால் துடிக்க, நடுவில் பின்னிக்கொண்டு பூவாகவும் நின்றன. இரண்டாவது குழியிலும் இருந்தன. மூன்றாவது வரிசை வரை இருந்தன. எனக்கு வந்த முதல் நினைப்பு, குழாயை மாற்றாமல் குடுவை ஒட்டுண்ணியைக் கலந்துவிட்டேன் என்பதுதான். யாரிடமும் சொல்லாமல் இன்னொரு ஆறிய எலியில் மறுபடி செய்தேன். பத்து நாள் தினமும் பார்த்தேன். ஏழாவது நாள் ஒன்று. வட்டமாக, தயங்கித் தயங்கி, ஒரே ஒன்று. எட்டாவது நாள் நாலைந்து. அந்த எலியின் காலில் புண்ணின் அடையாளம்கூட இல்லை, முடி முளைத்திருந்தது. மறுதொற்றைத் தூசி மாதிரி தட்டிவிட்ட எலி அது. அதற்குள்ளே அத்தனை மாதமாக இவை உட்கார்ந்திருக்கின்றன.

கைடு மேடத்திடம் போய்க் கொஞ்சம் பதற்றமாகத்தான் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "அது எப்பவுமே அங்கதான் இருக்கு. நீதான் இப்பப் பார்க்கற" என்றார். பிறகு ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தார். யாஸ்மின் பெல்கெய்டும் டேவிட் சாக்ஸும் சேர்ந்து 2002-இல் எழுதியது. ஆறிய எலிக்குள் கொஞ்சம் ஒட்டுண்ணி எப்போதும் தங்குகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் ஒரு வகை டி செல்கள்தான் அவற்றைத் தங்கவிடுகின்றன. அந்த அடக்கும் வேலையை முடக்கிவிட்டால், உடம்பு ஒட்டுண்ணியை ஒன்றுவிடாமல் துடைத்துவிடுகிறது. இதுவரை படிக்க நல்ல செய்தி. அடுத்த பத்தியில்தான் இருந்தது விஷயம். முழுக்கத் துடைத்துவிட்ட எலிகளுக்கு மறுபடி தொற்றைக் கொடுத்தபோது, அவற்றுக்கு மறுபடி நோய் வந்தது. முழுதாகக் குணமான எலி காவலை இழந்துவிட்டது. கொஞ்சம் நோயாளியாகவே இருந்த எலிதான் பத்திரமாக இருந்தது.

நான் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துக்கொண்டு கேன்டீனில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதிலிருந்து மனதில் இருந்த படம் ஒன்று உண்டு. எதிரி வருவான், உடம்பு அடித்து விரட்டும், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை வாசலிலேயே மடக்கும். அம்மைக்கு அது சரி. இங்கே உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதே எதிரி இன்னும் கொல்லைப்புறத்தில் இருப்பதால்தான் என்றால், ஒட்டுண்ணியே இல்லாத எங்கள் சுத்தமான ஆறு புரதம் எதை வைத்து ஞாபகப்படுத்தும்? எங்கள் ஊசியின் காவலை நாங்கள் எட்டு வாரத்தில் சோதித்தோம். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது ஊசி போட்ட காலும் உப்புநீர்க் காலும் ஒரே தடிமன். எட்டு வாரக் கணக்கு கட்டுரையாக வந்தது, "நம்பிக்கை அளிக்கிறது" என்ற வழக்கமான கடைசி வரியோடு. ஆறு மாதக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது.

இந்தத் தங்கலுக்கு மனிதர்களிடமும் சாட்சி உண்டு, கொடுமையான சாட்சி. எச்ஐவி பரவிய 1980, 90-களில் தென் ஐரோப்பாவில் பலருக்குக் கருங்காய்ச்சல் கிளம்பியது. எப்போதோ கடி வாங்கி, நோயே வராமல், சத்தமில்லாமல் உள்ளே தங்கியிருந்தது, டி செல்கள் விழுந்ததும் எழுந்துகொண்டது. மலேரியாவிலும் இதன் சாயல் இருக்கிறது. மலேரியா மண்டலத்தில் வளர்ந்து, வருடாவருடம் கொசுக்கடியோடு பழகிய ஆள் வெளிநாடு போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பினால், சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி காய்ச்சலில் விழுகிறார். மலேரியாவுக்கான முதல் தடுப்பூசி ஆர்டிஎஸ்,எஸ் 1987-இல் தொடங்கிய வேலை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021-இல். பெரிய சோதனையில் நாலு டோஸ் போட்ட குழந்தைகளிடம் நாலு வருடத்தில் அது தடுத்தது சுமார் 36 சதவீதம். தட்டம்மை ஊசியோடு ஒப்பிட்டு இதைக் கேலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுண்ணியோடு ஐந்து வருடம் பழகிய எனக்கு அந்த 36 பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது.

ஊசி வேறு, ஈ வேறு

இன்னொரு அடி 2009-இல் வந்தது, அதே சாக்ஸின் ஆய்வகத்திலிருந்து. கொன்ற ஒட்டுண்ணியில் செய்த தடுப்பூசியைப் போட்ட எலிகளை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஊசியால் ஒட்டுண்ணியைக் குத்தினால் காத்தது. மணல் ஈயைக் கடிக்கவிட்டால் காக்கவில்லை. ஆறிய எலிகள் மட்டும் இரண்டிலும் தப்பித்தன. நாங்கள் எல்லோரும் ஊசியால்தான் குத்திக்கொண்டிருந்தோம். ஈ வளர்ப்பது பெரும் தொல்லை. கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே புகுந்து போகிற அளவு, ஈரம் குறைந்தால் செத்துவிடும். அதனால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஈ ஊசி மாதிரி குத்துவதில்லை. தோலைக் கிழித்து, ரத்தம் குட்டையாகத் தேங்கியதும் உறிஞ்சுகிறது. அதன் தொண்டையில் ஒட்டுண்ணிகள் தாங்களே சுரந்த கூழ் அடைத்துக்கொண்டிருக்கும். உறிஞ்ச முடியாமல் அதைக் கக்குகிறது. எச்சில், கூழ், குடலில் இருந்த பாக்டீரியா எல்லாம் சேர்ந்து காயத்தில் விழுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தீயணைப்பு வண்டி மாதிரி ஓடிவருகின்றன, அந்தக் களேபரத்தில் ஒட்டுண்ணி அவற்றுக்குள்ளே ஏறிக்கொள்கிறது. ஊசியின் முனையில் இதெல்லாம் ஏது? இத்தனைக்கும் ஈயை நம்பாமல் கெட்ட அனுபவம் இந்தத் துறைக்குப் புதிதில்லை. மணல் ஈதான் கருங்காய்ச்சலைப் பரப்புகிறது என்று சந்தேகம் வந்தும் பல வருடம் நிரூபிக்க முடியாமல் திண்டாடினார்கள். நோயாளியைக் கடித்த ஈக்கு, அடுத்த வேளைக்கு ரத்தத்துக்குப் பதில் உலர் திராட்சை கொடுத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணி தொண்டைவரை பெருகி அடைத்துக்கொண்டது. அந்த வித்தையை வைத்து 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தானாக முன்வந்த மனிதர்களைக் கடிக்கவைத்து விஷயத்தை முடித்தார்கள். ஈக்கு என்ன சாப்பாடு என்பது வரை பார்த்த பரம்பரை. அவர்களுக்குப் பிறகு வந்த நாங்கள் ஊசியும் வெர்னியருமாக உட்கார்ந்திருந்தோம்.

இப்போது நான் ஆய்வகத்தில் இல்லை. விலகி நின்று பார்க்கும்போது எனக்கு நியாயமாகப் படுவது, நாங்கள் கைவிட்ட பழைய வழியையே வேறு மாதிரி பிடித்திருக்கும் வேலைதான். சென்ட்ரின் என்ற ஒரு புரதம் இல்லாவிட்டால் லெய்ஷ்மேனியா குடுவையில் பெருகும், மேக்ரோபேஜுக்குள் போன பிறகு பிரிந்து பெருக முடியாது. அந்த மரபணுவை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைக் கொண்டு வெட்டி எடுத்த லெய்ஷ்மேனியா மேஜரை அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். அதில் முன்னணியில் இருந்தவர்களில் ஹிரா நகாசி, அபய் சதோஸ்கர் என்று இரண்டு பெயர் நமக்குப் பழகிய ஒலியில் இருக்கும். எதிர்ப்பாற்றல் அறவே குறைந்த எலிகளுக்குப் போட்டும் புண் வரவில்லை. முக்கியமாக, ஈயைக் கடிக்கவிட்டே சோதித்தார்கள், காத்தது. தோல் வகையை வைத்துச் செய்த இதே ஊசி, கருங்காய்ச்சல் ஒட்டுண்ணி சுமந்த ஈக்கள் கடித்த ஹாம்ஸ்டர் எலிகளையும் காப்பாற்றியது. சீழைக் கீறி வைத்த அந்த அம்மாக்கள் செய்ததுதான், புண் மட்டும் இல்லாமல்.

இதை மனிதரிடம் சோதிப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. நோய் குறைந்துகொண்டே வருகிறது. லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில் பொதிந்த ஆம்போடெரிசின் மருந்து ஒரே டோஸில் கருங்காய்ச்சலைக் குணப்படுத்துகிறது. விரலில் குத்திப் பார்க்கும் பட்டை சில நிமிடத்தில் நோயைச் சொல்கிறது. வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிக்கிறார்கள். வங்கதேசம் 2023-இல் கருங்காய்ச்சலை ஒழித்த முதல் நாடு என்ற சான்று வாங்கியது. பிகாரிலும் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நோயாளியே இல்லாத ஊரில் தடுப்பூசி வேலை செய்ததா என்று எப்படிப் பார்ப்பது? நோயாளியே இல்லாத ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமில்லாத தங்கலும் கிடையாது, காவலும் கிடையாது. 1950-களில் மலேரியாவுக்கு அடித்த டிடிடி, கூடவே மணல் ஈயையும் கொன்று கருங்காய்ச்சலைக் காணாமல் ஆக்கியது. அடிப்பதை நிறுத்தியதும் 1970-களில் பிகாரில் கொள்ளைநோயாகத் திரும்பியது. இப்போது பழைய வழிக்கே திரும்பி, இங்கிலாந்தின் யார்க்கில் 2022-இல் 14 தன்னார்வலர்கள் கையை நீட்டி, தொற்றுள்ள மணல் ஈக்களைக் கடிக்கவிட்டார்கள். ஒன்பது பேருக்குத் தோல் தொற்று உறுதியானது; அந்தச் சின்னப் புண்ணை வெட்டி எடுத்துக் குணப்படுத்தினார்கள். அடுத்து ஒரு தடுப்பூசி வந்தால் அதைப் போட்டுவிட்டு இதே மாதிரி கடிக்கவிட்டுப் பார்க்கலாம். 1942-இன் தன்னார்வலர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் 80 வருடம்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு நானே ஃபோன் செய்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சொன்னது பாதிதான் என்று ஆரம்பித்து, எலி, நெறிக்கட்டு, தட்டு, ஈ எல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை "ம்" என்றார், டிவி சத்தத்தைக் குறைத்தார். பெருக முடியாத ஒட்டுண்ணியை உயிரோடு உள்ளே விடும் யோசனையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, பெருகாதுன்னா அது ஒரு நாள் செத்துத்தானே போகும்?"

"ஆமா சித்தப்பா."

"முழுக்கப் போயிட்டா காவலும் போயிடும்னு இப்பத்தானே சொன்ன. அப்போ இது எத்தனை வருஷம் நிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். "அதைப் பார்க்கத்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க" என்றேன்.